மூணாறும் டாப் ஸ்டேஷனும்: மலையேறி வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குண்டளைப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்து வளர்ந்தவன் நான். தாத்தா போடியிலிருந்து மலையேறி வந்தவர். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. இப்போது மூணாறுக்கு வருகிறவர்களை ஜீப்பில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறேன். தேனி, மதுரை, திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் நம்மவர்கள் வண்டியில் ஏறியதும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஓடும் வண்டியில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மூணாறில் பனி விழுமா? பனிச்சறுக்கு உண்டா?

பனி விழும். பனிச்சறுக்கு கிடையாது.

குழப்பத்துக்குக் காரணம் நம் மொழியில் 'பனி' என்ற ஒரே சொல் பல வேலை செய்வதுதான். மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைக்கும் புகைமூட்டமும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. சறுக்கி விளையாட வேண்டுமென்றால் கொட்டுகிற பனி தரையை மூடித் தடிப்பாகக் கிடக்க வேண்டும். அதற்கு உத்தராகண்டில் அவுலிக்கோ காஷ்மீரில் குல்மார்க்குக்கோதான் போக வேண்டும். குல்மார்க்கில் வெள்ளைக்காரர்கள் 1927லேயே பனிச்சறுக்குக் கிளப் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் நீங்கள் பார்ப்பது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதில்லை, தரையிலேயே உண்டாவது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மேகம் இல்லாத இரவுகளில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கே இருக்கும் ஈரம் புல்லின் மேல் அப்படியே வெள்ளையாக உறையும். அதனால்தான் பள்ளத்துப் புல்வெளி உப்புக் கொட்டியது போலக் கிடக்கும்போது மேட்டுச் சரிவு பச்சையாகவே இருக்கும். பனி கொட்ட மேகமும் கடும் குளிரும் ஒன்றாக வர வேண்டும். இங்கே மேகம் வருவது ஆடி மழையில், குளிர் வருவது தையில். இரண்டும் சந்திப்பதில்லை.

செண்டுவாரை, சிட்டுவாரை, லட்சுமி, கன்னிமலை எஸ்டேட்டுகளில் உறைபனி நன்றாகப் பிடிக்கும். 2019 ஜனவரியில் பல நாள் விடியலில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. படம் எடுக்க அருமையான காலை. ஆனால் அந்த வெள்ளை தேயிலைச் செடியின் மேல் பிடித்தால், வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். கொழுந்து குறைந்தால் எங்கள் ஆட்களுக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் கூடுதல் கிலோ காசும் குறையும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று கீழ்நாட்டில் சொல்வதை இங்கே உடம்பால் உணரலாம்.

உறைபனியைப் பார்க்க எப்போது வர வேண்டும்?

ஜனவரியில், மேகமில்லாத இரவுக்கு மறுநாள் விடியலில். வெயில் பட்டு அரை மணி நேரத்தில் கரைந்துவிடும், அதனால் ஆறரை மணிக்கெல்லாம் பள்ளத்தில் நிற்க வேண்டும். குழந்தைகளுக்குக் காது மூடும் குல்லா அவசியம்.

தென்னாட்டுக் காஷ்மீர் என்கிறார்களே, சரியா?

எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. காஷ்மீர் காஷ்மீராக இருக்கட்டும். தமிழ் இலக்கணம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை இங்கே இருந்து பாருங்கள், அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். நமக்கென்று இத்தனை பழைய பெயர் இருக்கும்போது கடன் பட்டம் எதற்கு?

சுவிட்சர்லாந்தோடு மட்டும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. மாட்டுப்பட்டியில் 1963ல் இந்தோ-சுவிஸ் திட்டத்தில் மாட்டுப் பண்ணை தொடங்கினார்கள். ஆல்ப்ஸ் மலைக் காளைகளும் நம் மாடுகளும் சேர்ந்து கேரளத்தின் கலப்பினக் கறவை உருவானதில் அந்தப் பண்ணைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தேயிலைக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?

முதுவர்கள். இன்றும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு காடேறியதால்தான் முதுவர் என்று பெயர் வந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கும் வழக்கத்தையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். கண்ணன், தேவன் என்ற இரண்டு மூப்பர்களின் பெயரால்தான் கண்ணன் தேவன் மலை என்றானதாகவும் கதை உண்டு. டீத்தூள் பாக்கெட்டில் நீங்கள் பார்க்கும் பெயர் அதுதான்.

மூணாறு என்பது மூன்று ஆறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்றும் ஊருக்குள்ளேயே கலக்கின்றன.

தேயிலை எப்படி வந்தது? யார் நட்டது?

இந்த மலை பூஞ்சாறு அரச குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்களும் மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள், பூஞ்சாற்றில் மீனாட்சி கோயிலும் கட்டி வைத்திருக்கிறார்கள். 1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் அவர்களிடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். முதலில் காப்பி, சின்கோனா, ஏலம் என்று பலதையும் போட்டுப் பார்த்தார்கள். 1880ல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் ஏறக்குறைய ஐம்பது ஏக்கரில் தேயிலை வைத்தார். இன்றைய செவன்மலை எஸ்டேட்டின் ஒரு பகுதி அது. 1897ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது.

புத்தகங்களில் 'ஷார்ப் நட்டார்' என்றுதான் இருக்கும். ஐம்பது ஏக்கரை ஒரு ஆள் நட முடியுமா? காட்டை வெட்டியவர்களும், குழி தோண்டியவர்களும், நாற்றைச் சுமந்து ஏறியவர்களும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமையிலிருந்து வந்த நம் ஆட்கள். எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பான். குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, போடி வரை வந்து, கொட்டகுடி வழியாகக் கால்நடையாக மலையேறுவார்கள். வழியில் மலைக்காய்ச்சல் கண்டு இறந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை.

கல்லறை உள்ளவர்களின் கதையும் சோகம்தான். ஊருக்கு மேலே சிஎஸ்ஐ தேவாலயத்துக்குப் பின்னால் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதில் முதலில் புதைக்கப்பட்டவர் எலினார் என்ற இளம்பெண். கல்யாணமான கையோடு கணவனுடன் இங்கே வந்து, 1894ல் காலராவில் இறந்தவர். அவரை அடக்கம் செய்த மேட்டில்தான் பிறகு கோயில் எழுந்தது, அதைக் கட்டி முடித்தது 1911ல். கல்லறை முதலில் வந்து கோயில் பின்னால் வந்த ஊர் இது.

தேயிலை செடியல்ல, மரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விட்டால் கூரைக்கு மேலே வளரும். சில வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதால்தான் மலைமேல் பச்சைப் பாய் விரித்தது போலத் தெரிகிறது. அந்த அழகு முழுக்க முழுக்கக் கைவேலை.

இங்கே ரயில் ஓடியது உண்மையா?

உண்மை. 1902ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பாதையோரம் ஒரே ஒரு தண்டவாளம் இருக்கும். வண்டியின் பாரம் பெரும்பாலும் அதன் மேல் ஓடும் சக்கரங்களில். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுப்பது காளைகள். இந்த முறைக்கு யூயிங் முறை என்று பெயர், பின்னால் பாட்டியாலாவிலும் இதையே போட்டார்கள்.

1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலை விளிம்புக்குப் போகும். அந்தக் கடைசி நிலையம்தான் டாப் ஸ்டேஷன். 'மேலே இருக்கும் வியூ பாயிண்ட்' என்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது நிஜமான ஸ்டேஷன்.

அங்கே வந்து சேரும் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் வந்தது இதனால்தான். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர், குரங்கணியிலிருந்து நடந்து ஏறினால் இன்றும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி, அங்கிருந்து ரயிலடி, துறைமுகம், கப்பல், லண்டன். திரும்பும் வழியில் அரிசியும் பருப்பும் மேலே ஏறும். எங்கள் தாத்தா தலைமுறைக்குக் கடைத்தெரு என்றால் போடிதான். கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது, மஞ்சள் வாங்குவது, பொண்ணு பார்ப்பது எல்லாம் போடியில், கம்பத்தில்.

அப்புறம் அந்த ரயில் என்ன ஆனது?

1924 ஜூலையில் ஆறு கொண்டுபோனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் கேரளம் முழுக்கப் பேசுகிறார்கள். நாள்கணக்கில் நிற்காத மழை. மலை சரிந்து மாட்டுப்பட்டிப் பக்கம் ஆற்றை அடைத்து, தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்ததில் மூணாறு ஊரே மூழ்கியது. தண்டவாளம், பாலங்கள், நிலையங்கள் எல்லாம் போயின. பிறகு அந்த ரயிலை யாரும் திரும்பப் போடவில்லை.

கொச்சிப் பக்கத்து ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அதே மழையில் கரிந்திரிமலை சரிந்து அழிந்தது. புதுச் சாலை நேரியமங்கலம் வழியாக வந்தது. பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்தது 1935ல்.

இந்தப் பதினோரு வருடம்தான் மூணாறின் முகத்தைத் திருப்பியது என்பது என் எண்ணம். அதற்கு முன் ஊரின் பெரிய வாசல் கிழக்கே போடியைப் பார்த்திருந்தது. அதற்குப் பிறகு மேற்கே கொச்சியைப் பார்க்கத் தொடங்கியது. சரக்கு அந்தப் பக்கம் போனது. ஆட்களின் ஊரும் உறவும் மட்டும் இந்தப் பக்கமே இருந்தன, இன்னும் இருக்கின்றன.

போடிக்கு 1928ல் மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் வந்தது, மேலே ரயில் போய் நாலு வருடம் கழித்து! இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அந்தப் பாதையை அகலப்பாதையாக மாற்ற 2010ல் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15 முதல் மறுபடி போடிக்கு ரயில் வருகிறது, சென்னையிலிருந்தே ஏறி வரலாம்.

ரயிலின் மிச்சம் ஏதாவது பார்க்க முடியுமா?

மூணாறு ரயில் நிலையக் கட்டடம் இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்தில் எஞ்சினின் சக்கரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் கருங்கல்லில் செதுக்கிய சூரியக் கடிகாரம் இருக்கும், அதைப் பார்க்காமல் வராதீர்கள். 1913ல் நாசரேத்தின் கலைத்தொழிற்பள்ளியில் செய்தது. தூத்துக்குடிச் சீமையில் செதுக்கி, இந்த மலை வரை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கேரளம்தானே, எல்லாரும் தமிழ் பேசுகிறார்களே?

எஸ்டேட்டில் வீட்டுமொழி தமிழ். கோயில் திருவிழா, பொங்கல், தேவாலயத்தில் ஆராதனை, தமிழ்வழிப் பள்ளி என்று எல்லாம் உண்டு. மொழிவழி மாநிலம் பிரித்தபோது, மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகாவும் பீர்மேடு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது. 1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சேர்ந்தன, இந்த இரண்டும் கேரளத்திலேயே நின்றன. இதைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் நிறையப் பேசுவார்கள். எங்கள் தலைமுறை இரண்டு மொழியிலும் வாழப் பழகிவிட்டது. ரேஷன் கடையில் மலையாளம், அடுப்படியில் தமிழ்.

டாப் ஸ்டேஷன் எந்த மாநிலம்?

காட்சிமுனை தேனி மாவட்டம், தமிழ்நாடு. ஆனால் வண்டியில் போக மூணாறு வழியாகத்தான் சாலை. கொழுக்குமலையும் அப்படியே: தோட்டம் தமிழ்நாட்டில், ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில். ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியில்.

குரங்கணியிலிருந்து நடந்து ஏறலாமா?

வனத்துறை அனுமதி இருந்தால் மட்டும், அதுவும் அவர்கள் திறந்துவிட்ட மாதங்களில் மட்டும். 2018 மார்ச் 11ல் அந்தக் காட்டில் பிடித்த தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் இந்தப் பக்கத்துப் புல் காய்ந்து ஆளுயரம் நிற்கும். காற்று அடித்தால் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. 'ரகசிய வழி தெரியும்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

குறிஞ்சி எப்போது பூக்கும்? வரையாடு பார்க்க முடியுமா?

பெரும் பூப்பு 2006ல், 2018ல் வந்தது. பன்னிரண்டு வருடக் கணக்கில் அடுத்தது 2030. பூத்த செடி விதை போட்டுவிட்டு மடிந்துவிடும், அடுத்த தலைமுறைச் செடிதான் அடுத்த முறை பூக்கும். அதனால் பூவோடு கிளையை ஒடிப்பது அந்தச் செடியின் ஒரே வாய்ப்பைப் பறிப்பது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு உலகிலேயே அதிகமாக ஓரிடத்தில் வாழ்வது இங்கே, இரவிகுளம் தேசியப் பூங்காவில். 97 சதுர கிலோமீட்டர், 1978ல் தேசியப் பூங்காவானது. தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடியும் (2,695 மீட்டர்) அதற்குள்தான். ராஜமலை வாசலில் வரையாடு சாலையோரமாகவே மேயும். குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், பார்த்துக் கிளம்புங்கள்.

யானை வருமா?

வரும். படையப்பா என்று பெயர் வைத்த கொம்பன் ஊருக்குள்ளேயே நடமாடுவான். வண்டியை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, ஒலி எழுப்பாமல் பின்னால் நகர வேண்டும். சின்னக்கானல் அரிக்கொம்பனைக் கம்பத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் கம்பம் தெருவில் வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

எந்த வழி நல்லது?

தேனிப் பக்கமென்றால் போடிமெட்டு. கோவை, திருப்பூர்ப் பக்கமென்றால் உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. சின்னாறு மழைமறைவுக் காடு, முள்ளும் வறட்சியுமாக இருக்கும். அங்கிருந்து இரண்டே மணி நேரத்தில் சோலைக்காட்டுக்கு ஏறிவிடுவீர்கள். நான் உடுமலை வழியைத்தான் சொல்வேன். இருட்டுவதற்குள் காட்டைக் கடந்துவிடுங்கள்.

என்ன வாங்கலாம்?

தேயிலை. பாலில் போட குருணைத் தூள், கறுப்பாகக் குடிக்க முழு இலை. மறையூர் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வட்டவடை, காந்தளூர்ப் பூண்டு சின்னதாக இருந்தாலும் காரமும் வாசமும் அதிகம்.

லயங்களைப் போய்ப் பார்க்கலாமா? கொழுந்தெடுப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். படங்கு கட்டிக்கொண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கிறவர்கள் அவர்கள், காலையிலிருந்து எத்தனையோ பேர் கேமராவை நீட்டியிருப்பார்கள். செடிக்குள் இறங்கி நடக்காதீர்கள், இலையை ஒடித்து வாயில் போடாதீர்கள், மருந்து அடித்திருக்கும்.

லயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பமென்றால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, 2015 செப்டம்பர். 20 சதவீதம் போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கத் தலைவரையும் அருகில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் கேட்டது கிடைத்தது. அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். அடுத்துக் கூலிக்காக நடந்த போராட்டத்தில் அது 301 ஆனது. அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார்.

இன்னொன்று, பெட்டிமுடி என்ற எஸ்டேட் குடியிருப்பு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, விடாத மழையில் மலை இறங்கி லய வரிசைகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள். கயத்தாறுப் பக்கத்துக் குடும்பங்கள் பல. மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. ராஜமலையில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். இறந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். வரையாடு பார்க்கப் போகும் அதே ராஜமலைதான் அது. அங்கே வண்டியில் பாட்டு ஓடினால் நான் நிறுத்திவிடுவேன், யாரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகட்டும்?

விடியலில் குண்டளைப் பள்ளத்துப் புல்வெளி. பத்து மணிக்கு அருங்காட்சியகம், சூரியக் கடிகாரத்தில் நிழல் தெளிவாக விழும் நேரம். பிறகு மாட்டுப்பட்டி அணை வழியாக டாப் ஸ்டேஷன். இந்தச் சாலையில் பல இடத்தில் பழைய ரயில் போன தடத்தின் பக்கத்திலேயேதான் போவீர்கள்.

டாப் ஸ்டேஷனில் கடைகளைத் தாண்டி இறங்கி நடந்தால் காட்சிமுனை. மதியத்துக்கு மேல் மூட்டம் ஏறிவிடும், அதற்குள் போய்விடுங்கள். மூட்டம் விலகினால் நேர் கீழே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் போடியின் வெளி. தேனிக்காரர்கள் தங்கள் ஊர் எது என்று விரல் நீட்டித் தேடுவார்கள். நானும் சேர்ந்து தேடிக் காட்டுவேன்.